ஊமைக்காயம்: ஸ்கேன் நார்மல் என்றான பிறகு

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற பேச்சு விபத்துப் பிரிவு வாசலில் அன்றாடம் காதில் விழுவதுதான். வண்டியிலிருந்து விழுந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், பெயர், ஊர், கிழமை எல்லாம் சரியாகச் சொல்கிறார், சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மைல்டு ஹெட் இஞ்சுரி’ என்று ஒரு வரி இருக்கும். இப்படி வீடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் சில நாள்களிலோ சில வாரங்களிலோ தேறிவிடுகிறார்கள். இந்த அத்தியாயம் அப்படித் தேறாதவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். மூன்று மாதம் கழிந்தும் கல்யாண மண்டபத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாதவர், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் சொன்னதும் மனதில் நிற்காதவர், மத்தியானத்துக்குள் ஓய்ந்துபோகிறவர், “ஆளைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்” என்பதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர் ஆகியோருக்காக எழுதப்பட்டது. வெளியே ரத்தமோ வீக்கமோ காட்டாத அடியை நம் பக்கத்தில் ஊமைக்காயம் என்பார்கள். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் நீண்ட பெயர்களைவிட இந்தப் பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஊமைக்காயம் என்று முடிவுகட்டுவதற்கு முன் அது உண்மையிலேயே ஊமைதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தலைவலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கக் கலக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிவது: இவற்றில் எது வந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், நாள்பட்ட மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் மூளையின் மேலுறைக்கு அடியில் ரத்தம் மெல்லச் சேர்ந்து, அடிபட்டுச் சில வாரம் கழித்துக்கூட வெளிப்படும். முதல் நாள் எடுத்த ஸ்கேன் அதற்கு உத்தரவாதம் தராது.

அந்த ‘மைல்டு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1974-இல் கிளாஸ்கோ நகரத்தில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இருவர் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். கண் திறக்கிறாரா, எப்படிப் பேசுகிறார், சொன்னபடி கை காலை அசைக்கிறாரா என்று மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 13 முதல் 15 வரை வாங்கியவர், அரை மணிக்கு மேல் நினைவிழக்காதவர், விபத்தைச் சுற்றிய நினைவு ஒரு நாளுக்கு மேல் அழிந்துபோகாதவர் சிறுகாயக்காரர். இந்த அளவுகோல் நினைவு எவ்வளவு ஆழமாகத் தப்பியிருக்கிறது என்று பார்க்கப் பிறந்தது. சி.டி. ஸ்கேனும் அப்படித்தான், 1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த நாள் தொட்டு அது எலும்பு முறிவையும் ரத்தக்கட்டையும் சட்டென்று காட்டிக்கொடுத்து எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. ஆனால் மயிரிழையைவிட மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டதை அது பார்க்காது. ஆகவே ‘நார்மல்’ என்பதற்கு, இப்போது அறுவை செய்ய வேண்டியது எதுவும் கண்ணில் படவில்லை என்று பொருள். வீடு இடிந்து விழாது என்று கட்டட எஞ்சினியர் சொல்லிவிட்டுப் போனார். வயரிங் எப்படி என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்தைக் கவனிக்கிறது. இங்கே நாம் பேசுவது 49-ஆவது மணியிலிருந்து தொடங்கும் காலம்.

அந்தக் காலத்தில் குறைந்துபோவது எது? அறிவு என்றுதான் அடிபட்டவர் பயப்படுகிறார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், ‘எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது’ என்ற அச்சம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் டோரதி கிரான்வால் என்ற உளவியலாளரும் பிலிப் ரைட்சன் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் 1970-களில் செய்த வேலை இதற்கு வேறு பதில் தந்தது. ஒலிநாடாவில் ஒற்றை இலக்க எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும். மூன்று, ஏழு, இரண்டு, ஐந்து என்று வந்தால் பத்து, ஒன்பது, ஏழு என்று பதில். கணக்கு இரண்டாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் எண்களுக்கிடையே 2.4 விநாடி தந்து தொடங்கி, படிப்படியாக 1.2 விநாடி வரை குறைத்துக்கொண்டே போவார்கள். தலையில் சிறு அடி வாங்கியவர்களுக்குக் கூட்டல் மறந்திருக்கவில்லை. வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நாள் ஆக ஆக இந்த வேகம் திரும்பியது, அதோடு தலைவலியும் எரிச்சலும் களைப்பும் தணிந்தன. இந்தச் சோதனையில் வலி, பதற்றம், இயல்பிலேயே கணக்கைக் கண்டால் வரும் கலக்கம் எல்லாம் மதிப்பெண்ணைக் குறைக்கும் என்று பிற்பாடு குறை சொன்னவர்கள் உண்டு. அது நியாயமான குறைதான். இருந்தாலும் அடிப்படைக் கண்டறிவு நிலைத்தது: சரக்கு பத்திரமாக இருக்கிறது, எடுத்துக் கொடுக்கும் கை மெதுவாகிவிட்டது.

ஆக்லாந்துக்காரர்கள் 1980-இல் வெளியிட்ட இன்னொரு சிறிய ஆய்வு இதைவிடச் சுவையானது. சில ஆண்டுகளுக்கு முன் தலையில் அடிபட்டு முழுக்கத் தேறிய கல்லூரி மாணவர்களையும், அடிபடாத மாணவர்களையும் சுமார் 3800 மீட்டர் உயரத்து மெல்லிய காற்றுக்கு ஈடான சூழலில் வைத்துச் சோதித்தார்கள். தரைமட்டத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. ஆக்சிஜன் குறைந்ததும் பழைய காயக்காரர்கள் நினைவிலும் கவனத்திலும் பின்தங்கினார்கள். பத்துப் பேர் அளவிலான ஆய்வை வைத்துக்கொண்டு பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனால் நோயாளிகள் சொல்வது எதுவோ அதற்கு அது பொருந்தி வருகிறது. அமைதியான அறையில் மருத்துவரோடு பேசும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. வீட்டில் குக்கர் விசில், டிவி சீரியல், குழந்தையின் கேள்வி, கூரியர்காரரின் அழைப்பு நான்கும் சேரும் நிமிடத்தில் நிலைகுலைகிறது. மூளையின் கையிருப்பு குறைந்திருக்கிறது. அன்றாடச் செலவுக்குப் போதும். திடீர்ச் செலவைத் தாங்காது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு கிறிஸ்டோபர் கிஸா, டேவிட் ஹோவ்டா ஆகிய கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 2001-இல் தொகுத்துக் கொடுத்த விளக்கம் இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது. மூளை குலுங்கும்போது நரம்புச் செல்களின் சுவர் வழியாகப் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. பழைய நிலைக்குக் கொண்டுவரச் செல்லின் பம்புகள் இரவும் பகலும் ஓட வேண்டியிருக்கிறது. அதற்கு வழக்கத்தைவிட அதிகச் சர்க்கரை வேண்டும். அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. உடல் எடையில் ஏறக்குறைய இரண்டு சதவீதமே உள்ள மூளை உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடும் உறுப்பு. அதில் வரவு செலவு இடிக்கும்போது லோ வோல்டேஜ் நேரத்து வீடு போலாகிறது. ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், மோட்டாரைப் போட்டால் எல்லாம் மங்கும். இந்த ரசாயனக் குழப்பம் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் அடங்கிவிடுவது. ஆறு மாதம், ஓராண்டு என்று நீளும் தொல்லைக்கு இது ஒன்று மட்டும் காரணமாக இருக்க முடியாது. தூக்கம் கெட்டது, கழுத்து அடிபட்டது, உட்காதில் சமநிலை தவறியது, பயம், வேலை போய்விடுமோ என்ற கவலை, ஓய்வு என்ற பேரில் உடல் தளர்ந்தது எல்லாம் வந்து சேர்ந்துகொள்கின்றன. காரணங்கள் பலவானது நோயாளிக்கு ஒருவகையில் லாபம். அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு.

இங்கே ஒரு பழைய எதிர்ப்பு குறுக்கே வரும்: இதெல்லாம் மனப்பிரமை, அல்லது நஷ்டஈட்டுக்காக ஆடும் நாடகம். 1961-இல் ஹென்றி மில்லர் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் இதை வெளிப்படையாகவே வாதிட்டார். வழக்கு முடிந்ததும் நோயும் போய்விடும் என்றார். 1982-இல் ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் மெண்டல்சன் விபத்து வழக்காளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது, தீர்ப்பு வந்து பணம் கைக்கு வந்த பிறகும் பலர் வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை. மில்லரின் வாதத்தைவிட வலுவானது லிதுவேனியாவின் கௌனாஸ் நகரிலிருந்து 2004-இல் வந்த ஆய்வு. நஷ்டஈட்டு வழக்கு வழக்கமில்லாத அந்த ஊரில், மூளை அதிர்வு ஏற்பட்டவர்களையும் உடம்பில் வேறு இடத்தில் சிறு காயம் பட்டவர்களையும் ஓராண்டு கழித்து ஒப்பிட்டார்கள். பெரும்பாலான அறிகுறிகளில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. இதை மழுப்பக் கூடாது. ஆனால் அமெரிக்காவின் பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வையும் பக்கத்தில் வைக்க வேண்டும். சிறு மூளைக்காயம் பட்டவர்களில் 53 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின்னும் அன்றாட வாழ்வில் ஏதோ ஒரு குறையைச் சொன்னார்கள். தலையில் அடிபடாமல் எலும்பு, தசைக் காயத்தோடு வந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 38 சதவீதம். பெரிய மையங்களுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் கடுமையாக அடிபட்டவர்கள் என்பதால் முதல் எண்ணை எல்லோருக்கும் பொருத்த முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம். தலைக்காயத்துக்கே உரிய பங்கு ஒன்று இருக்கிறது. அதைவிடப் பெரிய பங்கு எந்த விபத்துக்கும் பின்னால் வரும் வலி, தூக்கமின்மை, அச்சம், வருமான இழப்பு ஆகியவற்றுடையது. ‘மூளையா, மனமா’ என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தால் இரண்டு பங்கும் வைத்தியமில்லாமல் கிடக்கும்.

அறிகுறிகளை இந்த அத்தியாயத்தில் பட்டியலாகப் போடாததற்கும் காரணம் உண்டு. 1992-இல் வைலி மிட்டன்பர்க் என்பவரும் அவர் குழுவினரும் தலையில் அடியே படாதவர்களிடம், அடிபட்டால் என்னென்ன தொல்லை வரும் என்று கற்பனை செய்யச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை நோயாளிகள் சொன்ன பட்டியலோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. உண்மை நோயாளிகளோ, விபத்துக்கு முன் தங்களுக்கு மறதியும் தலைவலியும் இருந்ததே இல்லை என்பது போலச் சொன்னார்கள். சாதாரண மனிதர்கள் ஒப்புக்கொள்ளும் அளவுக்குக்கூட இல்லை. விபத்துக்கு முன்னும் நாம் சாவியைத் தொலைத்தோம், பெயர் மறந்தோம், எரிந்து விழுந்தோம். இப்போது ஒவ்வொன்றும் காயக் கணக்கில் ஏறுகிறது. அப்படியானால் நோயாளிக்கு எதையும் சொல்லாமலிருப்பதே நல்லதா என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் ஜென்னி பான்ஸ்ஃபோர்ட் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில்: அடிபட்ட ஒரு வாரத்தில், என்ன வரலாம், எப்படிச் சமாளிக்கலாம், பெரும்பாலும் தேறிவிடும் என்று எழுதிய சிறு கையேட்டைப் பெற்றவர்களுக்கு மூன்று மாதத்துக்குப் பின் தொல்லை குறைவாக இருந்தது. பட்டியல் பயமுறுத்துகிறது, விளக்கமும் வழியும் சேர்ந்து வந்தால் பயம் தணிகிறது.

இனி ஓய்வு. அடிபட்டவரை இருட்டறையில் படுக்கவைத்து, டிவி, செல்போன், புத்தகம், பேச்சு எல்லாவற்றையும் தடுப்பது அன்பின் பேரால் நடக்கும் தவறு. சில காலம் மருத்துவர்களே இதைச் சொல்லிவந்தார்கள். 2015-இல் டேனி தாமஸ் குழுவினர் அமெரிக்காவில் 11 முதல் 22 வயது வரையான இளையோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஐந்து நாள் கண்டிப்பான ஓய்விலும் மற்றவர்களை ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக நடமாடவும் விட்டார்கள். ஐந்து நாள் படுத்திருந்தவர்களே அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள், அவை மெதுவாகவே குறைந்தன. 2019-இல் பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெட்டி குழுவினர் இன்னொரு படி போனார்கள். பதின்ம வயதினர் 103 பேரில் ஒரு பாதிக்கு, அறிகுறி ஏறத் தொடங்கும் இதயத் துடிப்புக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக்கொள்ளும்படி தினமும் உடற்பயிற்சி கொடுத்தார்கள். மறு பாதிக்கு உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். தேறுவதற்கு ஆன நாள்களின் இடைநிலை முன்னவர்களுக்கு 13, பின்னவர்களுக்கு 17. இவை இளையோரிடம், அடிபட்ட சில நாள்களில் செய்தவை. நாற்பது வயதில், ஆறு மாதமாக அவதிப்படுகிறவருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அளவான உழைப்பு அடிபட்ட மூளையை மேலும் கெடுக்கும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை அவை காட்டுகின்றன. வேலை செய்யும்போது தலை கனத்தால், அது கையிருப்பு எட்டிய எல்லையின் அறிவிப்பு. புதிதாக ஏதோ கிழிந்துவிட்டது என்று நினைத்துப் பதற வேண்டியதில்லை. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளையதிர்வு மாநாடு எட்டிய உடன்பாட்டிலும் இதே போக்குத்தான்: முதல் ஒன்றிரண்டு நாள் நிதானமான ஓய்வு, பிறகு படிப்படியான நடமாட்டம். பத்துக்கு இத்தனை என்று தலையின் நிலையைக் கணித்தால், இரண்டு புள்ளிக்கு மேல் ஏறாமல் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும் தொல்லை ஏற்றுக்கொள்ளத்தக்கது.

இந்த இரண்டு புள்ளி விதியை வைத்துக்கொண்டே வீட்டில் தொடங்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். முதல் வாரம் எதையும் மாற்றாமல் எழுதிவாருங்கள்: என்ன செய்தேன், எவ்வளவு நேரம், அதற்கு முன் தலை பத்துக்கு எத்தனை, அதற்குப் பின் எத்தனை, எப்போது தணிந்தது. வாரக் கடைசியில் உங்கள் எல்லைகள் தாளில் தெரியும். கம்ப்யூட்டர் முன் இருபது நிமிடத்தில் தலை ஏறுகிறது என்றால், அடுத்த வாரம் பதினைந்தாவது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கண்ணை மூடி, போனைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்புங்கள். களைத்த பின் எடுக்கும் ஓய்வைவிடக் களைப்பதற்கு முன் எடுக்கும் ஓய்வுக்கு விலை குறைவு. வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். காலையில் பேச முடிகிற வேகத்தில் இருபது நிமிட நடை இதோடு சேரட்டும். இந்த முறையைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கெட்ட நாள் இல்லை, நல்ல நாள்தான். தலை லேசாக இருக்கிறதே என்று பொங்கலுக்கு முன் முழு வீட்டையும் ஒரே நாளில் ஒட்டடை அடித்துக் கழுவி முடித்தவர் மூன்று நாள் படுத்துவிடுவார். பிறகு பயந்து ஒரு வாரம் எதையும் தொட மாட்டார். நல்ல நாளிலும் நோட்டு சொன்ன அளவோடு நிறுத்துவதற்குத்தான் மனக்கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது.

எதை எப்போது செய்வது என்பதும் கணக்குத்தான். யோசனை தேவைப்படும் வேலை காலையில். பில் கட்டுவது, பள்ளிக்கூடத்துக்குப் போன் பேசுவது போன்றவை வெயில் ஏறுவதற்குள். மிக்ஸி ஓடும்போது யாரோடும் பேச வேண்டாம். அரைப்பதை முதலில் முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கலாம். அடுப்பில் ஏதாவது இருக்கும்வரை செல்போனில் அலாரம் ஓடட்டும். மினுக்கும் டியூப்லைட்டை மாற்றுவது இந்த அத்தியாயத்தின் மிக மலிவான வைத்தியம். சத்தம் தாங்காதபோது காதில் பஞ்சோ செருகியோ வைக்கலாம், ஆனால் நாள் முழுக்க வேண்டாம். கறுப்புக் கண்ணாடிக்கும் அதேதான். தொடர்ந்து மறைத்தால் காதும் கண்ணும் இன்னும் கூச்சப்பட்டுப் போகும். சாவிக்கு ஓர் ஆணி, மாத்திரைக்குக் கிழமை எழுதிய டப்பா, கடைக்குப் போகும்முன் எழுதிய சீட்டு. எழுதி எழுதி வைத்தால் மூளை சோம்பிவிடாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். சாவியைத் தேடி அரை மணி நேரம் அலைவது நினைவாற்றலுக்குப் பயிற்சி ஆவதில்லை. அந்த அரை மணிக்கான கவனத்தைப் பிள்ளையின் வீட்டுப் பாடத்துக்கோ அலுவலகக் கணக்குக்கோ செலவிட்டால் உருப்படியான பயிற்சி கிடைக்கும்.

தனித்தனியே வைத்தியம் உள்ளவற்றை ‘எல்லாம் அந்த அடியால்தான்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். படுக்கையில் புரளும்போதோ மேலே அண்ணாந்து பார்க்கும்போதோ அரை நிமிடம் உலகம் சுற்றி நின்றால், உட்காதில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்யும் எப்லி முறையால், பலருக்கு ஒன்றிரண்டு அமர்விலேயே அது சரியாகிவிடுகிறது. இதற்காக மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்குகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தலைவலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கும் மாத்திரை இன்னொரு வலை: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், கூட்டு மாத்திரையை 10 நாள் அல்லது அதற்கு மேல் சாப்பிட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியைத் தரத் தொடங்கும். எத்தனை நாள் போட்டீர்கள் என்பதையும் நோட்டில் குறியுங்கள். கழுத்திலிருந்து ஏறும் தலைவலிக்குப் பிசியோதெரபி, படிக்கும்போது எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் கண் பரிசோதனை. தூக்கம் கெட்டிருந்தால் அதுதான் முதல் வேலை. மற்ற எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. மதுவை அறவே விட வேண்டும். மனம் சோர்ந்து, வாழ்க்கையே வெறுத்துப்போனது போல இருந்தால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் தமிழில் பேசலாம். மூளை டானிக் என்று எழுதிக்கொடுக்கப்படும் சிட்டிகோலினைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1213 பேரிடம், ஸ்கேனில் மாற்றம் தெரிந்த சிறுகாயம் முதல் கடுங்காயம் வரை, 90 நாள் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. வெற்று மருந்தைவிட அது மேலாக எதுவும் செய்யவில்லை. அந்தக் காசுக்குக் காது மருத்துவரைப் பார்க்கலாம்.

இதெல்லாம் மாதச் சம்பளமும் மெடிக்கல் லீவும் உள்ளவர்களுக்கு. அன்றாடங்காய்ச்சிக்கு இது நடக்குமா என்று கேட்டால், அந்தக் கேள்வியின் நியாயத்தை மறுக்க முடியாது. நாள் கூலியை விட்டு யாரும் நோட்டு எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் வேலை நேரத்தைக் குறைக்க முடியாத இடத்திலும் வேலையின் வகையை மாற்றச் சில சமயம் இடமிருக்கும். கொத்தனார் சிறிது காலம் சாரத்தில் ஏறாமல் கீழே கலவை பார்க்கலாம். மரம் அறுக்கும் மெஷினில் நிற்பவர் பாலிஷ் வேலைக்கு மாறலாம். உயரமும் சுழலும் இயந்திரமும் மெதுவான கவனத்தை மன்னிக்காதவை என்பதால் இதை மட்டுமாவது மேஸ்திரியிடம் கேட்டு வாங்க வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் நிலை இன்னும் சிக்கலானது. அவருக்கு லீவு போட ஆபீசே இல்லை. அங்கே மாற வேண்டியது அவர் கணக்குப் போடும் விதமல்ல, வீட்டாருடைய விதம். “அம்மா சும்மா படுத்திருக்கிறாள்” என்ற சொல்லை எடுத்துவிட்டு, சாயங்காலம் நாலரை முதல் ஐந்து வரை யாரும் கூப்பிடக் கூடாது என்று ஒரு விதி வைத்தாலே பாதி வைத்தியம். அலுவலகத்துக்குக் கடிதம் வாங்கும்போது, நோயின் பெயரைவிட, தினம் நான்கு மணி நேரம், ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஆறு வாரம் கழித்து மறுபரிசீலனை என்பது போல அளவுகளை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நிர்வாகத்துக்கு அதுதான் புரியும். நஷ்டஈட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தால், தேதியிட்ட அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் வழக்குக்காக என்று தனியாக ஒரு நோட்டு எழுதத் தொடங்காதீர்கள். குறைகளை மட்டுமே எண்ணும் நோட்டு, எழுதுகிறவரையே முதலில் நம்பவைத்துவிடும்.

வண்டி ஓட்டுவதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இரு சக்கர வாகனம் சத்தம், ஒளி, சமநிலை, வேகம், ஒரே நேரத்தில் நான்கு பக்கக் கவனம் என்று இந்த அத்தியாயத்தில் பேசிய எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் கேட்கும் வேலை. ஒரு முறை அடிபட்டவருக்கு இரண்டாவது அடி பட்டால் தேறும் காலம் நீளும் என்பதையும் 1975-லேயே கிரான்வாலும் ரைட்சனும் காட்டியிருந்தார்கள். இரண்டாம் முறை அடிபட்டவர்களுக்கு வேகம் இன்னும் குறைந்திருந்தது, திரும்புவதற்கும் அதிக நாள் ஆனது. கடைத்தெரு இரைச்சலில் அரை மணி நடந்தாலும் தலை இரண்டு புள்ளிக்கு மேல் ஏறவில்லை, திரும்பிப் பார்த்தால் கிறுகிறுப்பு இல்லை, இரவுத் தூக்கம் சரியாக இருக்கிறது, மருத்துவரும் சரி என்கிறார் என்றான பிறகு வண்டியை எடுக்கலாம். முதலில் பின் இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டுகிறவரின் கண்ணோடு சேர்ந்து சாலையைப் படித்துப் பாருங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆளில்லாத தெருவில், பத்து நிமிடம். விபத்தின்போது அணிந்திருந்த ஹெல்மெட்டை அன்று போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் ஒரு முறை அடியை உள்வாங்கிய தெர்மோகோல் உறை மறுமுறை அதே அளவுக்குத் தாங்காது, புதிதாக ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஒன்றை வாங்கி, தாடைப் பட்டையை மாட்டி இறுக்கிய பிறகு சாவியைத் திருப்புங்கள்.